எண்கோணம்

கரும்பு தின்னக் கூலி வாங்கியவன் நான்.
ஒசோர்னோ நகருக்குக் கிழக்கே, பால்பண்ணைகள் தாண்டி,
சோளச்செதில் ஆலையில்
பதினோரு வருடம் பாகு உருளை ஓட்டினேன்.
சிமெண்ட் கலக்கும் வண்டி மாதிரி அது சுற்றும்,
உள்ளே செதில்கள் புரண்டு புரண்டு விழும்,
மேலிருந்து பாகைப் பீய்ச்ச வேண்டும்:
நூறு கிலோவுக்கு முப்பத்தெட்டு.

வீடு திரும்பும்போது புருவத்தில் சர்க்கரை,
காது மடலில் சர்க்கரை.
சட்டையைக் கழற்றுவதற்குள்
மில்லராய் ஓடிவந்து என் மணிக்கட்டை நக்குவாள்.
"நாய்க்குட்டியாடி நீ?" என்பாள் நோல்ஃபா.
மூன்று வயதில், நாலில், ஐந்திலும்.
வேறெந்தத் தொழிலாளிக்கு
இப்படியொரு வரவேற்பு வாய்க்கும்?
மீன் ஆலைக்குப் போகும் என் மைத்துனனை
அவன் பிள்ளைகள் குளித்த பிறகுதான் தொடுவார்கள்.

அப்புறம் ஒரு ஜூன் மாதம், விடாத மழையில்,
சட்டம் வந்தது.
பெட்டியின் நெற்றியில் கறுப்பாய் ஓர் எண்கோணம்:
சர்க்கரை மிகுதி.
சிவப்புத் தொப்பி போட்டுச் சறுக்கி விளையாடிய நரியைக் காணோம்.
அது நின்ற இடத்தில் வெறும் மஞ்சள்.

"நரி செத்துப்போச்சா?"
இல்லை.
"அப்போ?"
வேலை போயிடுச்சு என்றேன்.
கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.
வேலை போனவர்கள் என்ன ஆவார்கள் என்று
எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

அந்த வருடம்தான் எழுத்துக்கூட்டப் பழகினாள்.
முச்சந்தியில் 'நில்' என்ற பலகைக்கும் எட்டு மூலை,
இதற்கும் எட்டு மூலை.
கறுப்புத் தாளை வெட்டி, வெள்ளைப் பென்சிலால் எழுதி
கண்டதிலெல்லாம் ஒட்டினாள்.
எதிர்வீட்டு நாய்க்கு: குரைப்பு மிகுதி.
கூரைக்கு நேர் கீழே வைத்த வாளிக்கு: ஒழுகல் மிகுதி.
அம்மாவின் கைப்பேசிக்கு: சித்தி மிகுதி.
நாலு கரண்டி போட்டுக் குடிக்கும் என் தேநீர்க் கோப்பைக்கு
ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு.
தன் நெற்றியிலும் ஒன்று, ஏதும் எழுதாமல்.
"இதுல என்ன மிகுதி?"
"இன்னும் தெரியலப்பா."

கடைவாய்ப் பால்பற்கள் இரண்டைப் பிடுங்கிய பெண் மருத்துவர்
பஞ்சை அழுத்திக்கொண்டே கேட்டார்,
"நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?"
"சோளம்" என்றேன்.
அது பொய்யில்லை.

ஆலையில் கூட்டம் போட்டார்கள்.
ஒரே நாளில் குறைத்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடும்,
மாதத்துக்கு ஒரு கிலோ போதும் என்றார்கள்.
முப்பத்தேழு. முப்பத்தாறு.
வால்வைத் திருகிய கை இதோ இந்தக் கை.
கடைகள் இருக்கும் ஊரிலெல்லாம்
தூக்கம் கலையாத நாக்குகளிலிருந்து
சிட்டிகை சிட்டிகையாகத் திருடினேன்.
இல்லை, எப்போதோ எடுத்ததைத் திருப்பி வைத்தேனா?
இரவு வேலையில் இதை யோசித்தால்
அழுத்தமானி முள் ஆடுவது தெரியாது.
யோசிப்பதை விட்டுவிட்டேன்.

ஒரு புகார்க் கடிதமும் வரவில்லை.
மில்லராய் தன் கிண்ணத்தை எப்போதும்போல் காலி செய்தாள்,
அடியில் தேங்கிய பாலை எப்போதும்போல் உறிஞ்சினாள்.
அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த என்னிடம்
"என்ன?" என்றாள்.
ஒன்றுமில்லை.

இருபதைத் தாண்டி இறங்கிய பிறகு எண்கோணம் போனது.
நரி வந்தது, கொஞ்சம் இளைத்து, தொப்பியில்லாமல்.
அவள் கவனிக்கவில்லை. அவளுக்கு ஒன்பது வயது.
ஸ்டிக்கர் கால்பந்து வீரர்கள் வந்துவிட்ட காலம்.

நேற்று சாயங்காலம் வாசலில் ஈரக் காலணியைக் கழற்றும்போது
பழைய ஞாபகம் எப்படி வந்ததோ,
என் மணிக்கட்டை இழுத்து
நாக்கு நுனியால் ஒரு தொடல்.
புருவத்தைச் சுருக்கினாள்.
மறுபடியும் தொட்டாள்.

"உப்பு" என்றாள்.

சொல்லிவிட்டு
கறுப்புத் தாள் தேடிக்கொண்டு உள்ளே போனாள்.